இரண்டு சேவுகன், ஒரே ஸ்டிக்கர்

ஆய்வுக்கூடம், ஈப்போ
11.11.2024, காலை

அன்புள்ள அண்ணிக்கு,

நித்யகல்யாணி எழுதுகிறேன். நான் அர்ச்சுனனைக் கட்டிக்கொண்ட அன்றே அண்ணன் உங்கள் போனிலிருந்து என் எண்ணை எடுத்துவிட்டார். மூன்று வருஷம் ஓடிவிட்டது. அதனால்தான் வார்டுகளிலிருந்து சளி மாதிரிகளைக் கொண்டுவரும் செல்லாயி அக்காவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

இன்று என் மேசைக்கு இரண்டு குழாய்கள் வந்தன. இரண்டிலும் ஒரே ஸ்டிக்கர்: சேவுகன் த/பெ ராமநாதன், வயது 77. ஒன்று ஆண்கள் வார்டிலிருந்து, மற்றது குழந்தைகள் வார்டிலிருந்து. என்னைப் பெற்ற அப்பச்சி எப்படிக் குழந்தைகள் வார்டில் படுப்பார்? அப்போதுதான் உறைத்தது. நம் வழக்கப்படி ஐயா பேரைத்தானே பேரனுக்கும் வைத்தீர்கள்; அண்ணனுக்கும் அப்பச்சியைப் பெற்றவர் பேர்தான், ராமநாதன். முழுப்பேர் அச்சாக ஒன்று. உங்கள் பிள்ளை தம்பிக்கும் காய்ச்சலா அண்ணி? எனக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

இரண்டையும் நிறுத்தி, மறுபடி எடுக்கச் சொல்லிவிட்டோம். கவனிக்காமல் விட்டிருந்தால் தம்பியின் வைரஸ் அப்பச்சி பேரில் ஏறி, மருந்து ஆள் மாறிப் போயிருக்கும். நர்ஸ் வந்தால் பேரையும் பிறந்த தேதியையும் நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள்.

உங்கள்
நித்யா


குழந்தைகள் வார்டு
11.11.2024, மதியம்

அன்பு நித்யாவுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததுமே அழுதுவிட்டேன். தப்பு என்னுடையதுதான். மாமாவையும் தம்பியையும் சுங்கை சிப்புட் வீட்டிலிருந்து ஒரே காரில் கொண்டுவந்தோம். மாமாவைச் சேர்த்தபோது கொடுத்த ஸ்டிக்கர் தாள் என் பையிலேயே கிடந்தது. இங்கே நர்ஸ், "பிள்ளை பேரு என்னா அக்கா?" என்றாள். மாமனார் பேரை நான் எப்படிச் சொல்வேன்? பெற்ற பிள்ளையையே நாலு வருஷமாகத் தம்பி என்றுதானே கூப்பிடுகிறேன். தாளை எடுத்து நீட்டினேன். ஃபைலில் இருந்த பேரோடு ஒத்துப்போனதால் அவளும் ஒட்டிவிட்டாள்.

இப்போது மறுபடியும் மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்கள். வீரிட்டு அழுதான். "சேவுகன்!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டில்காரி திரும்பிப் பார்த்தாள். மாமா மன்னிக்கட்டும்.

அவனுக்கு மூச்சு இழுக்கிறது நித்யா. விலா உள்ளே போய்ப் போய் வருகிறது. எந்த வைரஸ் என்று தெரிந்ததும் மருந்து என்கிறார் டாக்டர். என் மடத்தனத்தால் அரை நாள் போய்விட்டதே! பிள்ளைக்கு ஏதாவது ஆனால் நான் என்ன செய்வேன்? உன் அண்ணனிடம் மட்டும் சொல்லிவிடாதே.

அண்ணி
ராமலட்சுமி


ஆய்வுக்கூடம்
11.11.2024, மாலை

அண்ணி,

முடிவு வந்துவிட்டது. டாக்டருக்கும் அனுப்பியாயிற்று. தம்பிக்கு இன்ஃபுளுவென்சா ஏ. பயப்படாதீர்கள், இதற்கு மருந்து இருக்கிறது. முதல் இரண்டு நாளுக்குள் தொடங்குவது நல்லது. நேற்று ராத்திரிதான் காய்ச்சல் கண்டது என்று படிவத்தில் இருக்கிறது. நேரம் போய்விடவில்லை.

அப்பச்சிக்கு வேறு. சாதாரணச் சளி வைரஸ்தான். பழைய ஆஸ்துமா அதைப் பெரிதாக்கிவிட்டது. ஒரே வீட்டில் இரண்டு வைரஸ் வளர்த்திருக்கிறீர்கள், கெட்டிக்காரர்கள்தான் போங்கள்!

அண்ணனிடம் நான் வாய் திறக்க மாட்டேன். நீங்களே சொல்லிவிடுங்கள் அண்ணி. தள்ளிப் போட்டால் சொல்லவே முடியாமல் போகும். எனக்கு அப்படித்தான் மூன்று வருஷம் போனது.

நித்யா


குழந்தைகள் வார்டு
14.11.2024

அன்பு நித்யா,

தம்பி இன்று காலை கஞ்சியைத் தட்டிவிட்டு ரொட்டி சானாய் கேட்டான். அப்பாடா என்று இருக்கிறது! ஆக்சிஜனை நேற்றே எடுத்துவிட்டார்கள். மாமா ஆண்கள் வார்டில் நர்ஸுகளை அதட்ட ஆரம்பித்துவிட்டார். சனிக்கிழமை இருவரையும் வீட்டுக்கு அனுப்புகிறார்கள்.

உன் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கத்தப் போகிறார் என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றேன்.  "யாரு கண்டுபுடிச்சா?" என்று மட்டும்தான் கேட்டார். உன் பேரைச் சொன்னேன். "நித்யாவா? அவ பாத்தா சரியாத்தான் இருக்கும்லா" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவன் பேரு என்னா, அர்ச்சுனனா? அவனையும் கூட்டிட்டு ஞாயித்துக்கெழம சாப்பிட வரச் சொல்லு" என்றார்.

நீங்களே சொல்லுங்களேன் என்றேன்.  இதை எழுதி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். செல்லாயி அக்காவைக் கூப்பிடப் போனேன், "குடு, நான் கொண்டு போறேன்" என்கிறார்.

ஆகவே இதை உன் கையில் கொடுத்தவர் இன்னும் கதவுக்கு வெளியேதான் நிற்பார். தானாக உள்ளே வர மாட்டார், நீ கூப்பிடு.

அண்ணி
ராமலட்சுமி