இருமாமல் உட்கார்ந்திருந்த தெரு

அன்பு மகளுக்கு, உன்னைத் தோளில் தூக்கி வளர்த்தவரும் ஈரேழு உலகமும் நடுங்க இருமுபவருமாகிய உன் சித்தப்பா எழுதுவது. நானும் சித்தியும் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் நன்றாக இருந்தால் போதும், அதற்கு மேல் கேட்கத் தோன்றவில்லை. போன வாரம் என் ஒரு இருமலில் எதிர்வீட்டுக் கண்ணாடி விரிசல் விட்டது, மறு இருமலில் ஒட்டிக்கொண்டது. சித்தி சிரிக்கவில்லை. நானும்தான்.

தெருக்கோடி ரசாயனக் கிடங்கு எரிந்ததிலிருந்து வருஷம் தவறாமல் நம்மைக் குழாயில் ஊதச் சொல்லிப் பரிசோதித்தார்களே, அந்த ஆராய்ச்சிக்கு இனிப் பணம் கிடையாதாம். பணம் கொடுக்கிற குழு போன மாதம் எங்களை நேரில் பார்க்க வந்தது. விருந்தாளி வருகிறார்கள் என்று தெருவே தடபுடல். நம் தெருத் தையற்காரர் தன் கல்யாணக் கோட்டைத் தூசி தட்டினார், நான் தலைக்குச் சாயம் பூசி இளவரசனாக இறங்கினேன். வந்தவர்கள் முன்னால் இருமினால் மரியாதையாக இருக்காது என்று சித்தி எல்லோருக்கும் இருமல் மருந்து ஊற்றிக் கொடுத்தாள். ஒருத்தர்கூட இருமவில்லை. மூச்சுக்குச் சிரமம் உண்டா என்று அந்தக் குழுவின் தலைவியம்மா கேட்டதற்கு, "உங்க புண்ணியத்துல எல்லாரும் சௌக்கியம்மா" என்றார் தையற்காரர். நான் சும்மா இருப்பேனா, "ஓட்டப்பந்தயம் வெச்சுப் பாருங்க, உங்களுக்குத்தான் மூச்சு வாங்கும்" என்றேன். அந்த அம்மா சிரித்துக்கொண்டே ஏதோ குறித்துக்கொண்டார். அவர்கள் கார் முனை திரும்பியதும் தெருவே உட்கார்ந்து இருமியது, கடைசியாக நிறுத்தியது நான்தான்.

நேற்று அந்த ஆராய்ச்சி டாக்டர் வந்து சொன்னார், "மக்கள் தேறிட்டாங்க, பணம் வேற இடத்துக்குப் போகட்டும்னுட்டாங்க சார்" என்று. எங்களை அவர் திட்டியிருந்தால் தேவலை. சின்ன வயதில் அந்தப் புகையைக் குடித்தவர்களுக்கு அது என்ன செய்யும் என்பது இப்போதுதான் தெரிய ஆரம்பிக்குமாம், இனிப் பார்க்க ஆளில்லையாம். உன்னைத்தான் சொல்கிறார் என்று புரிந்தது. போய்ப் பார்த்தேன், ஊதுகிற அறையில் நாற்காலிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிவிட்டார்கள். ஒன்றும் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன்.

மாடிப்படி ஏறினால் மூச்சு இழுக்கிறது என்று சித்தியிடம் சொன்னாயாம். என்னிடம் மட்டும் "சூப்பரா இருக்கேன் சித்தப்பா" என்கிறாய். நான் வளர்த்த லட்சணம். அங்கே ஒரு டாக்டரிடம் போ கண்ணு, அந்தப் புகையில் இருந்தவள் என்பதை முதல் வார்த்தையாகச் சொல், கேட்கட்டும் என்று காத்திருக்காதே, அவர்களுக்கு எப்படித் தெரியும்.

நீயும் மாப்பிள்ளையும் நூறு வருஷம், அது எதற்குக் கஞ்சத்தனம், ஆயிரம் வருஷம் மூச்சு முட்டாமல் வாழ வேண்டும், சித்தியின் ஆசியும் இதில் சேர்த்தி. ஒன்றை மட்டும் மறக்காதே. டாக்டரிடம் போகும்போது நல்ல உடுப்பு வேண்டாம், சிரிப்பும் வேண்டாம். இருமல் வந்தால் இருமிவிடு.

உன் சித்தப்பா