வரிசை மாறிய காத்தாடிகள்

போனில் முதலில் காற்றுதான் கேட்டது. அதற்குப் பின்னால், காற்றாலைகளில் ஏறிப் பழுது பார்க்கும் உன் அண்ணனின் குரல்.

“மக்கா, இந்தக் காத்தாடி நிக்குன்னு பேஜ்ல கிடக்கு. நான் அதுக்க அடியிலதான் நிக்கேன். நல்லா சுத்துதே.”

“ஏறாதீங்க அண்ணே. மத்தவங்களையும் ஏற வேண்டாம்னு சொல்லுங்க” என்றேன். திருவனந்தபுரத்து அலுவலகத்தில் உட்கார்ந்திருந்த நான் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அந்தப் பக்கம் நாம் செய்ததல்லவா? நீ போய் ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை.

ஆரல்வாய்மொழியில் நாம் வேலை பார்த்த மாடியறையை நினைத்துக்கொண்டேன். ஜன்னல் கொக்கி நிற்காது. நாற்காலியை முட்டுக் கொடுத்து வைப்போம். எந்தக் காத்தாடி ஓடுகிறது, எது பழுதுக்காக நிற்கிறது என்று காட்டும் பக்கத்தை இரண்டு முறை எழுத வேண்டியிருந்தது. உலாவிக்கு ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் ஒரு டெம்ப்ளேட், அதாவது பக்கத்தின் அச்சு; சர்வருக்குப் பெர்ல் மொழியில் இன்னொன்று. ஒன்றைத் திருத்தினால் மற்றதை மறந்துவிடுவோம். நீ எழுந்து நடந்தபடியே சொன்னாய்: “ஏட்டி, பெர்லுக்கு ஜாவாஸ்கிரிப்ட் படிச்சுக் குடுப்போம். ஒரே டெம்ப்ளேட் ரெண்டு இடத்திலயும் ஓடட்டும்.”

அப்படிப் பிறந்ததுதான் நம் லைப்ரரி, பிற நிரல்களும் எடுத்தாளக்கூடிய நிரல்தொகுப்பு. நீ அதை எல்லாரும் எடுத்துக்கொள்ளும்படி இணையத்தில் போட்டாய். யாரோ எங்கிருந்தோ அதைப் பயன்படுத்துவதாக எழுதியபோது, அண்ணனுக்கு வாசித்துக் காட்டினாய். “இதுக்கு அர்த்தம் என்னவாக்கும்?” என்று அவர் கேட்டார். “அர்த்தம் கிடக்கட்டும். சந்தோசப்படுண்ணே” என்றாய்.

இப்போது சர்வர்காரர்கள் பெர்லின் புதிய பதிப்பை ஏற்றியிருந்தார்கள். பழைய பெர்ல், தனித்தனித் தொகுப்புகளில் இருந்த பெயர்களையும் நிலைகளையும் ஒரே வரிசையில் தந்துகொண்டிருந்தது. அது தற்செயல் என்று நம் இருவருக்குமே தெரிந்திருக்கவில்லை. புதியது வேண்டுமென்றே ஒவ்வொரு முறையும் வரிசையைக் கலைக்கிறது. பெயர்கள் ஒரு வரிசையில், நிலைகள் வேறொரு வரிசையில். ஒரு காத்தாடியின் நிலை இன்னொன்றின் பெயருக்கு நேராகப் போய் நின்றது. காற்று தணிந்து அது சுற்றாமல் இருந்திருந்தால், பழுதுக்காக நிறுத்தியதென்று நம்பி அண்ணன் ஏணியில் கால் வைத்திருப்பார்.

முதலில் அந்தப் பக்கத்தை யாரும் பார்க்க முடியாதபடி மூடினேன். பிறகு உன் நிரலைத் திறந்தேன். இடையிடையே ஆங்கில எழுத்தில் நீ எழுதி வைத்த தமிழ்க் குறிப்புகள். ‘இதைத் தொடாதே, ஏன் ஓடுதுன்னு எனக்கே தெரியாது’ என்று ஓரிடத்தில். சிரிப்பு வந்தது, சிரிக்க முடியவில்லை. தொட வேண்டிய இடமே அதுதான்.

உட்காரவும் முடியாமல் எழவும் முடியாமல் வேலை பார்த்தேன். போட்ட வரிசையிலேயே திருப்பித் தரும்படி, ஜாவாஸ்கிரிப்ட் செய்வதுபோலவே, அந்தப் பகுதியை மாற்றி எழுதினேன். சோதனைகளை ஓட்டினேன். தவறியது. திரும்ப எழுதினேன். நடுவில் அண்ணன் கூப்பிட்டார்.

“அவசரப்படாண்டாம் மக்கா. எல்லாரும் கீழதான் நிக்கோம்.”

சாயங்காலம் அவர் ஒவ்வொரு காத்தாடியையும் நேரில் பார்த்துச் சொல்லச் சொல்ல, நான் திரையில் சரிபார்த்தேன். எல்லாம் பொருந்தின. பிறகு, “அவ இருந்தா நல்லா ஏசியிருப்பா” என்றார்.

லைப்ரரியின் புதிய பதிப்பை நானே இணையத்தில் ஏற்றினேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடி எனக்கும் அதற்கான உரிமையைக் கொடுத்திருந்தாய். “எனக்கு ஒண்ணும் ஆவாது ஏட்டி, சும்மா வச்சுக்கோ.” எழுதியவர் என்ற இடத்தில் உன் பெயரை அப்படியே விட்டேன்.

சில நாள் கழித்து அதைப் பயன்படுத்தும் வெளிநாட்டுக்காரர் ஒருவர், மாற்றத்துக்கு உன் சம்மதம் உண்டா என்று கேட்டு எழுதினார். நீ இறந்துவிட்டாய் என்று பதில் போட்டேன். அதுவரை அந்த வாக்கியத்தை நான் எங்கும் எழுதியதில்லை. அவர் வருந்தி எழுதிவிட்டு, உன் பெயரை எப்படி உச்சரிக்க வேண்டும் என்று கேட்டார்.

உன் பெயரிலுள்ள ‘ழ’வை ஆங்கிலத்தில் எழுத முடியவில்லை. என் குரலில் பதிந்து அனுப்பினேன். கல்லூரி நாளிலிருந்து உன்னை ‘ஏட்டி’ என்றே கூப்பிட்டவள் நான். உன் பெயரை முழுவதுமாக வாய்விட்டுச் சொன்னது அன்றுதான்.