பஸ் திரும்பாத கோடு

மூணாறு

அன்பு மனைவி சௌந்திரத்துக்கு,

நான் நலம். நீயும் உன் கோபமும் நலமா?

இங்கே ரிசார்ட்டை இடித்துப் பெரிதாகக் கட்டுகிறார்கள். பஸ் நிறுத்த இஞ்சினியர் சுண்ணாம்புக் கோடு போட்டார்.

"இதுல பஸ் திரும்பாதுங்க" என்றேன்.

"எத்தனாவது படிச்சீங்க?"

"மூணாவதுங்க. பஸ்ஸு அதுகூடப் படிக்கலீங்களே!"

அவர் சிரிக்கவில்லை. "திரும்பிட்டா வேலையை விட்டு ஊருக்குக் கிளம்புங்க" என்றார். இருபது வருடம் லாரி ஓட்டிய தைரியத்தில் சரி என்றேன். ஒரு பஸ்ஸை வரவழைத்து ஓட்டிப் பார்த்தார்கள். பாதி திரும்புவதற்குள் பக்கத்துச் சுவரில் மாட்டிக்கொண்டது. பின்னால் நின்று கை காட்டிய எனக்கு விரலில் சின்னச் சிராய்ப்பு, அவ்வளவுதான். இப்போது கோடு போடுவதே நான்தான்.

பொங்கலன்று திறப்பு, அதனால் வர முடியாது. உன் பழைய சேலை ஒன்றைப் பார்சலில் அனுப்பு. வண்டி துடைக்கத்தான். துவைக்காமல் அனுப்பு.

ஜல்லி லாரி ஹாரன் அடிக்கிறது, ஓடுகிறேன்.

சின்னண்ணன்