முட்டை வண்டிக்குப் புதுப் பட்டை

மார்ச் 4

புதுப் பட்டை போட்டபின் இன்று முதல் நடை. பண்ணையிலிருந்து குஞ்சு பொரிப்பகத்துக்கு முந்நூறு ட்ரே முட்டை. நாற்பது கிலோமீட்டர்.

போன வாரம், சக்கரத்துக்கு மேல் அடுக்கடுக்காக இருந்து வண்டியைத் தாங்கும் இரும்புப் பட்டைகளில் பழையது ஒன்று முறிந்து வண்டி பின்பக்கமாக உட்கார்ந்தே போய்விட்டது. என் வீட்டுக்காரர் நடத்துவதே வண்டிகளுக்குப் பட்டை மாற்றும் கடை. பெண்டாட்டி வண்டி இப்படி ஓடினால் நாலு பேர் சிரிக்க மாட்டார்களா என்று நேற்று இரண்டு பக்கமும் கனத்த செட்டாகப் போட்டுவிட்டார். வண்டி நிமிர்ந்து நிற்கிறது. கடை வாசலில் நின்று அதை அவர் பார்த்த பார்வை இருக்கிறதே, கல்யாணத்தன்றுகூட என்னை அப்படிப் பார்த்ததில்லை.

"ரெண்டு டன் தாங்கும். பத்து வருஷத்துக்கு இந்தப் பக்கம் எட்டிப் பாக்க வேண்டாம்" என்றார். முட்டை அரை டன்னைத் தாண்டினால் அதிகம். சொல்லவில்லை. ஆசையாகச் செய்தது.

ரயில்வே கேட்டில் மட்டும் ஒரு இடி. இடுப்பில் ஏறிப் பின்மண்டையில் போய் நின்றது. புதுசுதானே, படிந்துவிடும்.

மார்ச் 7

இரண்டாவது நடை. படியவில்லை.

மார்ச் 10

மாமியாரைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போக வேறு வண்டி கிடைக்காமல் இதிலேயே ஏற்றிக்கொண்டு போனேன். போகும்போது ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து இறங்கியதும் மகனைக் கூப்பிட்டு, "உரல்ல போட்டு இடிச்ச மாதிரி இருக்குடா. கண்ணைக் காட்டப் போனேன், இப்ப இடுப்பையும் காட்டணும்" என்றார். வீட்டுக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் ஒன்று புரிந்தது. இது என் பிரமை இல்லை.

மார்ச் 14

காய்ச்சல். நடை போகவில்லை. பண்ணைக்காரர் தன் வேனிலேயே முட்டையைக் கொண்டுபோய்விட்டாராம்.

மார்ச் 15

மருந்து வாங்கப் போனவள் பொரிப்பகத்துக்கும் போய்ப் பழைய ட்ரேக்களை எடுத்து வந்தேன். மெஷின் அக்கா உள்ளே கூப்பிட்டார். பதினொரு வருடமாகப் பொரிக்கும் மெஷின் அறை அவர் பொறுப்பு. அதனால் எல்லோருக்கும் அவர் மெஷின் அக்காதான். பத்தாம் நாள் முட்டைக்கு அடியில் விளக்கு வைத்துப் பார்ப்பார்கள். உயிர் இருந்தால் உள்ளே சிவப்பாக நரம்பு ஓடும். செத்துப் போயிருந்தால் ஒரு ரத்த வளையம் மட்டும் தெரியும்.

இன்று ட்ரேக்கு ட்ரே வளையம்.

"எல்லாம் நாலாம் தேதி லோடு. சேவல் சரியில்லையா, என்னன்னு தெரியலையே" என்றார் அக்கா. சேவலாகத்தான் இருக்கும் என்று நானும் தலையாட்டினேன். திரும்பி வரும்போது ரயில்வே கேட்டில் வண்டி இடித்தது. அப்போதுதான் இந்த இடிதானோ என்ற நினைப்பு வந்தது. வந்ததும் தள்ளிவிட்டேன்.

மார்ச் 18

ஏழாம் தேதி லோடும் அப்படியே. மேனேஜர் எல்லோர் முன்னாலும் அக்காவைச் சத்தம் போட்டார். "சூடு கூடியிருக்கு. நீ கவனிக்கல." அக்கா எழுதி வைத்திருந்த சூட்டுக் கணக்கை நீட்டினார். அவர் வாங்கிப் பார்க்கவே இல்லை.

நான் ட்ரே இறக்கிக்கொண்டிருந்தேன். இறக்கிக்கொண்டே இருந்தேன்.

மார்ச் 19

டயரில் காற்று பார்த்தேன். இரண்டு டன் லோடுக்கு வைக்கிற காற்றை வைத்திருக்கிறார்! கல்லு மாதிரி. முட்டை லோடுக்கு எவ்வளவோ அந்த அளவுக்கு இறக்கினேன். கொஞ்சம் தேவலை. மேடு பள்ளம் வந்தால் அதே இடி.

மார்ச் 22

அவரிடம் சொல்லிவிட்டேன். வண்டி தூக்கிப் போடுகிறது, முட்டை கெடுகிறது என்று.

"பன்னெண்டு வருஷமா பட்டை போடறேன். ஒருத்தன் திரும்பி வந்ததில்ல. நீ என்ன முட்டைக்கு டாக்டரா?"

"என் இடுப்புக்குத் தெரியுது."

"சாவியக் குடு."

வெறும் வண்டியை எடுத்துக்கொண்டு நம் தெருவில் போய்விட்டு வந்தார். போன மாதம் தார் போட்ட தெரு. "வழுக்கிட்டுப் போகுது" என்று சாவியைத் தட்டில் போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். பட்டை அவர் தொழில். அதில் குறை சொன்னால் அவரையே குறை சொன்ன மாதிரி. தெரியும். தெரிந்தும் எவ்வளவு நாள் பூப்போலப் பேசுவது?

மார்ச் 26

நாலாம் தேதி லோடு இன்று பொரித்தது. எப்போதும் நூற்றுக்கு எண்பத்தைந்து குஞ்சு வரும். இன்று அறுபத்திரண்டு.

அக்கா பொரிக்காத முட்டைகளை ஒவ்வொன்றாக உடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "எல்லாம் முதல் மூணு நாலு நாள்லயே போயிருக்கு. மெஷின் சூடு மட்டும்னா இப்படி மொத்தமா வராது." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "வழியில ஏதாவது ஆச்சா? வண்டி எங்கயாவது குழியில விழுந்துச்சா?"

"இல்லக்கா."

விழவில்லைதான். பொய் இல்லை. பொய் இல்லையா?

மார்ச் 28

அக்காவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சாப்பாட்டுப் பையும் மாற்றுச் செருப்பும் கையில். கேட் வரைக்கும் நான் கூடப் போனேன். "என் கைதான் தப்பு பண்ணிருக்கும்போல" என்றார். பதினொரு வருடத்தில் ஒரு நாள்கூட அவர் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. நாக்கு என்ன, ஒட்டிப்போச்சா எனக்கு?

மார்ச் 29

காலையில் கடைக்குப் போய் அவரிடம் சொன்னேன்: "முட்டை உக்காந்து வர்ற இடத்துல நீங்க உக்காந்து வாங்க. அதுக்கப்புறம் நல்லா இருக்குன்னு சொன்னீங்கன்னா நான் வாயே திறக்க மாட்டேன்."

கடையில் இரண்டு வாடிக்கையாளர் இருந்தார்கள். அதனாலேயோ என்னவோ, மறுக்க முடியாமல் ஏறினார். காலி ட்ரேக்களுக்கு நடுவில், தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கதவைச் சாத்தினேன். பண்ணை ரோட்டில் எப்போதும் போகிற வேகத்தில்தான் போனேன், ஒரு பொட்டுக்கூடக் கூட்டவில்லை. ரயில்வே கேட் தாண்டியதும் உள்ளிருந்து தட்டும் சத்தம்.

கதவைத் திறந்தேன். ஒரு கையால் தாடையைப் பிடித்திருந்தார். நாக்கைக் கடித்துக்கொண்டுவிட்டார். உதட்டில் ரத்தம். இறங்கி, ரோட்டோரப் பாலக்கட்டையில் உட்கார்ந்து, வண்டியின் அடியையே வெகுநேரம் பார்த்தார்.

"திரும்பு. கடைக்குப் போலாம்" என்றார்.

மார்ச் 30

ஞாயிற்றுக்கிழமை. கடை லீவு. இரண்டு பேருமாக வண்டிக்கு அடியில்.

ஒன்று, பட்டை கனம் அதிகம். அரை டன்னுக்கு அது வளையவே வளையாது. வளையாத பட்டை இருப்பதும் ஒன்றுதான், இரும்புத் தூண் இருப்பதும் ஒன்றுதான். இரண்டு பக்கமும் இரண்டிரண்டு பட்டை உருவினார். இன்னொன்று அவரே கண்டுபிடித்தது. பட்டை முனையில், போல்ட்டைச் சுற்றி ரப்பர் புஷ் என்று ஒரு ரப்பர் குழல் இருக்கிறது. அன்றைக்கு வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே அந்த போல்ட்டுகளை முறுக்கிவிட்டார். வண்டியை இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு பட்டையை அசையவிடாமல் பிடித்துக்கொண்டது. இன்று எல்லாவற்றையும் தளர்த்தி, சக்கரம் தரையில் நிற்க, லோடு அளவுக்கு மணல் மூட்டை ஏற்றி, அப்புறம் முறுக்கினார்.

"அன்னிக்கு ஏன் இறக்கி வெச்சு முறுக்கல?" என்று கேட்டேன்.

"யாரு 'லோடு இருக்கு, லோடு இருக்கு'ன்னு தலைமேல நின்னது?"

நான்தான்.

கை கழுவும்போது சொன்னார்: "சரியாப் போச்சு. இனி வாயத் திறக்காத. தெரிஞ்சா அந்த லோடெல்லாம் நம்ம தலையில விடியும். கடை பேரும் போயிடும்."

ஏப்ரல் 1

லோடு. தொட்டில் மாதிரி வந்தது வண்டி. வழி முழுக்க அழுதேன். இவ்வளவு சுலபமா சரியாயிடும்னா முதல் நாளே செஞ்சிருக்கலாமே.

ஏப்ரல் 12

நான் நினைத்துக்கூடப் பார்க்காதது நடந்துவிட்டது.

முதல் தேதி லோடை விளக்கில் பார்த்திருக்கிறார்கள். ட்ரே முழுக்க நரம்பு. மேனேஜர் வாசலுக்கே வந்தார், முகமெல்லாம் பல். "பாத்தியாம்மா? ஆளை மாத்தினோம், மெஷின் பேசுது! இத்தன நாளா அந்தம்மாதான் கெடுத்துட்டு இருந்திருக்கு."

ஐயோ. நான் வண்டியைச் சரி செய்ததே அக்காவுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. சரி செய்யாமல் விட்டிருந்தால் அவர் போனபிறகும் முட்டை கெட்டிருக்கும். அவர் மேல் தப்பில்லை என்று தானாகவே தெரிந்திருக்கும். சத்தமில்லாமல் சரி செய்து, அவரைக் குழி வெட்டி மூடிவிட்டேன்.

ஏப்ரல் 15

இந்த நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினேன். மார்ச் 14: காய்ச்சல், நடை போகவில்லை. பண்ணைக்காரர் வேனில் போன முட்டை அது. அதை மெஷினில் வைத்தது அக்காதான், அதே கை, அதே மெஷின். இன்று ட்ரே இறக்கப் போனபோது ஆபீஸ் சுவரில் லோடு வாரியாகப் பொரிப்புக் கணக்கு எழுதும் பலகையைப் பார்த்தேன். முன்னாலும் பின்னாலும் அறுபது, அறுபத்தொன்று. நடுவில் அந்த ஒரு லோடு மட்டும் எண்பத்து நாலு. கண்ணுக்கு எதிரிலேயே தொங்குகிறது. யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

ஏப்ரல் 16

கிளம்பும் முன் அவரிடம் சொன்னேன், இன்று மேனேஜரிடம் பேசப் போகிறேன் என்று. காபி டம்ளரை வைத்துவிட்டு, "என் பொழப்புல நீயே மண்ணள்ளிப் போடு" என்றார்.

மேனேஜர் முதலில் நம்பவில்லை. "வண்டி குலுங்கினா முட்டை உடையும்மா. உடையாம எப்படிச் சாகும்?" "ஓடு உடையாமலே உள்ள கரு கலங்கிடும் சார்" என்று நோட்டைத் திறந்து தேதிகளைக் காட்டினேன். பட்டை போட்ட நாள், காய்ச்சல் நாள், பட்டை உருவிய நாள். அவர் எழுந்து போய்ப் பலகை முன்னால் நின்றார். விரலால் ஒவ்வொரு வரியாகத் தடவிக்கொண்டே போனார். எண்பத்து நாலில் விரல் நின்றது.

"எப்பத்துலேர்ந்து உனக்குத் தெரியும்?"

"சந்தேகம் போன மாசம் பதினஞ்சாம் தேதி. நிச்சயமா இருபத்தொம்பது."

"போம்மா" என்றார். திட்டியிருக்கலாம்.

ஏப்ரல் 17

அக்கா வீட்டுக்குப் போனேன். துணி உலர்த்திக்கொண்டிருந்தார். வாசலில் நின்றே எல்லாவற்றையும் சொன்னேன். கையிலிருந்த துணியைக் கீழே வைக்காமல் கடைசி வரை கேட்டார்.

"அன்னிக்கு நான் கேட்டேன்ல?" என்றார்.

"கேட்டீங்கக்கா."

"உன் முகத்தப் பாத்துக் கேட்டேன்."

"ராத்திரி ராத்திரி கைய விரிச்சு விரிச்சுப் பாத்தேன்டி, எங்க தப்பு பண்ணோம்னு" என்றார். துணியை உதறிக் கொடியில் போட்டார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஏப்ரல் 23

முதல் தேதி லோடு பொரித்தது. எண்பத்தாறு. மேனேஜர் நேரில் போய் அக்காவைக் கூப்பிட்டிருக்கிறார். எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டால்தான் வருவேன் என்றாராம். கேட்டாராம். பண்ணைக்காரர் போனில் இதையெல்லாம் சொல்லிவிட்டுக் கொஞ்சம் தயங்கினார். "வேற வண்டி பேசிட்டாங்கம்மா. தப்பா நெனைக்காத."

தப்பாக நினைக்க என்ன இருக்கிறது.

ஏப்ரல் 30

இப்போது ஓட்டுவது சிமெண்ட். மூட்டைக்கு ரத்த வளையம் கிடையாது.

வீட்டில் அவர் தேவைக்கு மட்டும் பேசுகிறார். ஆனால் இன்று கடைக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது பார்த்தேன். யாரோ ஒருவர் அவசரம் அவசரம் என்று பறந்துகொண்டிருந்தார். இவர் அவர் வண்டியை ஜாக்கியிலிருந்து இறக்கி, தரையில் நிறுத்திவிட்டுத்தான் கடைசி முறுக்கு முறுக்கினார். நான் பார்ப்பது அவருக்குத் தெரியும். திரும்பவில்லை.

மே 9

மதியம் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தபோது போன். மெஷின் அக்கா. பச்சைப் பொத்தானை இரண்டு முறை அழுத்தினேன்.

நலமா என்று கேட்கவில்லை. "புது வண்டிக்காரன் இங்க நிக்கறான். டயருக்கு எவ்வளவு காத்து வைக்கணும், பட்டைய எப்படிப் பாக்கணும்னு அவனுக்குத் தெரியல. உனக்குத் தெரியும். சொல்லு."

"சொல்றேங்க்கா. முன் டயருக்கு…"

"இரு. எழுதிக்கறேன்."

மறுமுனையில் மேஜை இழுப்பறை திறக்கும் சத்தம். பேனா தேடுகிறார். பின்னால் குஞ்சுகளின் இரைச்சல். நான் சிமெண்டுக் கையோடு போனைக் காதில் அழுத்திக்கொண்டு நின்றேன்.