வெள்ளை டேப் ஒட்டிய கார்ப்பெட்

நேற்று நம் பாட்டுக் குழுவின் ஒத்திகைக்காக பிரிக்பீல்ட்ஸ் மாடியறையில் உன் சிவப்புக் கார்ப்பெட்டை விரித்தோம். டிரம்ஸ் வழுக்காமல் இருக்க, போகிற இடமெல்லாம் நீ சுருட்டித் தூக்கி வருவாயே, அதே கார்ப்பெட். விரித்ததும் உன் தைல வாசனை குப்பென்று அடித்தது. நீ போய்ச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிவிட்டது, வாசனை மட்டும் போகமாட்டேன் என்கிறது. எல்லார் முன்னாலும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

எந்த ஸ்டாண்டின் கால் எங்கே நிற்க வேண்டும் என்று நீ ஒட்டிய வெள்ளை டேப் அப்படியே இருந்தது. உன் இடத்துக்கு வந்திருக்கும் பெண் அதன்படியே எல்லாவற்றையும் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். நல்ல கை அவளுக்கு. இரண்டு பாட்டு முடிந்ததும் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"அங்கிள், இந்தப் பெரிய சிம்பல் தட்டு ஏன் இவ்ளோ தள்ளி இருக்கு? எட்டி எட்டி அடிச்சு கை வலிக்குது லா."

எனக்கு எப்படித் தெரியும்? இருபது வருஷம் உனக்கு முதுகைக் காட்டி நின்று பாடியவன் நான். உன் இருக்கையில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. நேற்றுதான் உட்கார்ந்து பார்த்தேன். சிம்பல் தள்ளி இருந்ததால் நடுவே ஓர் இடைவெளி. அதன் வழியாக நேராகத் தெரிந்தது என் மைக்.

டேய், அந்தக் கிள்ளான் கல்யாணம் நினைவிருக்கிறதா? செந்தூலிலிருந்து லோரியில் சாமான் ஏற்றிக்கொண்டு போனோமே. பெண்ணும் மாப்பிள்ளையும் மண்டபத்துக்குள் நடந்து வரும்போது பாடுகிற பாட்டு. இடையிசை முடிந்து நீ டிரம்ஸை உருட்டிக் கொடுத்தால்தான் நான் சரணம் எடுக்க வேண்டும், அதுதான் நம் வழக்கம். கூட்டத்தைப் பார்த்த மிதப்பில் இடையிசை பாதியிலேயே நான் மூச்சை இழுத்துவிட்டேன். வாயைத் திறப்பதற்குள் உன் உருட்டு வந்துவிட்டது. வாசிக்கிறவர்கள் எல்லாரும் தாவி என்னோடு சேர்ந்துகொண்டார்கள். கல்யாண வீட்டாருக்கு ஒன்றும் தெரியவில்லை.

கீபோர்டு அண்ணனுக்குத் தெரிந்தது. குழுவை நடத்துகிறவர் அல்லவா! சாப்பாட்டு மேசையில், "எவன்டா அவசரப்பட்டது?" என்று பாய்ந்தார்.

"இவன் உருட்டிக் கொடுத்தான்ணே, நான் எடுத்தேன்," என்றேன், வாய் கூசாமல்.

நீ தட்டிலிருந்து நிமிரவே இல்லை. "ஆமாண்ணே, கை ஓடிருச்சு."

அடுத்த இரண்டு கல்யாணத்துக்கு அண்ணன் உன்னைக் கூப்பிடவில்லை. நான் வேறொருவன் தாளத்துக்குப் பாடிவிட்டு வந்தேன். நீ அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. "நீ பாட்டைப் பாரு, உன்னை நான் பாத்துக்கிறேன்," என்று எப்போதும்போலச் சொன்னாய். என்ன திமிர் இவனுக்கு என்று நினைத்தேன். மூச்சிழுக்கையில் என் தோள் ஏறுவதைப் பார்த்துத்தான் நீ உருட்டினாய் என்பது நேற்றுவரை என் மண்டைக்கு எட்டவில்லை.

நேற்று அண்ணனிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் கீபோர்டை அணைத்தார். "அந்த ரெண்டு கல்யாணத்தப்பவும் அவன் வீட்லயே உக்காந்திருந்தானேடா," என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அந்தப் பெண் இன்னும் தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "சிம்பலைக் கிட்ட இழுத்து வச்சுக்கம்மா," என்றேன். இடைவெளி மூடிக்கொண்டது. நான் மைக்கைத் தூக்கிக்கொண்டு, அவள் கண்ணில் படுகிற இடத்துக்கு நகர்ந்தேன். பிறகு, அவளுக்குத் தெரியும்படி தோளை நன்றாக உயர்த்தி, மூச்சை இழுத்தேன்.