பதிமூன்று குதிரைகளும் விழுந்தன

என் பிரியமான சேகர் அண்ணா,

நேற்று உன் ஜப்பான் வாத்தியம் கோட்டோவின் குதிரைகள் பதிமூன்றும் விழுந்துவிட்டன. பயப்படாதே, ஒன்றும் உடையவில்லை. உனக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

ஆயுத பூஜைக்கு வீட்டைத் துடைக்க அம்மா அதைச் சுவரோரம் நகர்த்தியிருக்கிறாள். தந்திகளைத் தாங்கி நின்ற அந்தச் சின்னக் கட்டைகள் படபடவென்று சரிந்து தரையெல்லாம் ஓடின. நான் வந்து பார்த்தபோது அம்மா ஈரத்துணியோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள். "பையன் கடைசியா வச்சுட்டுப் போனதுடி. நானே கலைச்சுட்டேனே" என்றாள்.

பதினான்கு மாதமாக அவற்றை யாரையும் தொடவிடாதவள் நான். அம்மாவைத் திட்டித் தீர்த்திருக்க வேண்டும். எனக்கோ நெஞ்சிலிருந்து மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. ஏன் என்று அப்போது புரியவில்லை.

நீ கடைசியாக வேலைக்குப் போன அன்று காலை நாம் போட்ட சண்டை நினைவிருக்கிறதா? உன் சுருதி என் கீபோர்டுக்குக் கீழே இருந்தது. ஏற்று என்றேன். "நீ என்னைக்காச்சும் இறங்கி வந்திருக்கியா?" என்று கேட்டாய். கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. ஷூவை மாட்டிக்கொண்டே, "ஆய்த்து பிடு, சாயங்காலம் வந்து உன் சுருதிக்கே வைக்கறேன்" என்று ஓடினாய். கன்னடக்காரர்களோடு பத்து வருஷம் வேலை பார்த்ததில், சரி விடு என்பது உனக்குத் தமிழில் வரவே வராது. மத்தியானம் ஷிஃப்டிலேயே மயங்கி விழுந்தாய், அப்புறம் எழவே இல்லை. சாயங்காலம் நீ வரவில்லை.

அதற்கப்புறம் நான் இறங்கி வந்தேன் அண்ணா. கோட்டோவின் தந்திகள் மாதா மாதம் தளர்ந்துகொண்டே போயின. நான் ஒரே ஒரு தந்தியை மெல்ல மீட்டிப் பார்த்து, கீபோர்டின் சுருதியை அதற்கு இறக்குவேன். இன்னும் தளரும், இன்னும் இறக்குவேன். "என்னாடி, உன் பொட்டி வர வர அழுதுகினே இருக்குது" என்று அம்மா கேட்டாள். கச்சேரிக்குக் கூப்பிட்டவர்களுக்கெல்லாம் முடியாது என்றேன்.

நம்மைக் கூப்பிட்டதே பெரிய விஷயம். கம்பெனியின் ஜப்பான்கார எஞ்சினியர் மனைவியிடம் நீ கற்ற பழைய மெட்டுகள், பியானோ வகுப்பில் நான் பிடித்துக்கொண்ட இந்தக் காலத்து ஐரோப்பிய இசை. இரண்டையும் கலந்து கிருஷ்ணகிரியில் மாங்காய் மண்டிக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் மூன்று உருப்படி வாசித்து முடித்தோம். அவர் மேடையேறி, "ட்யூனிங் ஆயிடுச்சாப்பா? பாட்டு எப்ப ஆரம்பிப்பீங்க?" என்றார். பஸ்ஸில் ஓசூர் வரும்வரை நீ அதையே சொல்லிச் சிரித்தாய்.

நேற்று குதிரைகளைப் பொறுக்கியபோது, அலமாரியில் உன் பழைய டிபன் டப்பா கண்ணில் பட்டது. வாசித்து முடித்ததும் தினமும் அவற்றைக் கழற்றி அதில்தானே போடுவாய்? ஒருநாளும் நிற்கவிட்டுப் போனதில்லை. அன்று பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, அவ்வளவுதான். நீயே வந்து மாற்றுவதாகச் சொன்ன ஒன்றைத்தான் நான் இத்தனை நாள் காவல் காத்திருக்கிறேன். என்ன மடத்தனம்!

"ஆய்த்து பிடும்மா" என்றேன். அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "அவனாட்டமே சொல்றியே" என்றாள். அப்புறம் துணியை வைத்துவிட்டு, சோபாவுக்கு அடியில் போன ஒன்றைத் தேட ஆரம்பித்தாள்.

முதலில் கீபோர்டைப் பழைய சுருதிக்கு ஏற்றினேன். தந்திகளை முறுக்கினேன். அம்மா ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, குதிரைகளை என் சுருதிக்கு வைத்தேன். மூன்று மணி நேரம் ஆனது. பிறகு இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து, வலக்கையால் கோட்டோவும் இடக்கையால் கீபோர்டும் வாசித்தேன். உன்னுடையதில் பாதி, என்னுடையதில் பாதிதான் வந்தது. இருந்தாலும் அழாமல் வாசித்தேன். நன்றாகத் தூங்கினேன் அண்ணா, ரொம்ப நாளைக்குப் பிறகு.

அந்த மண்டிக்காரரின் இரண்டாவது பெண்ணுக்கு அடுத்த மாதம் கல்யாணம். வருகிறேன் என்று இன்று போன் செய்தேன். "ட்யூனிங்கை மட்டும் வீட்லயே முடிச்சுட்டு வந்துரும்மா" என்றார். சிரிப்பு வந்தது. பக்கத்தில் நீ இல்லாததும் தெரிந்தது.

நீ சாயங்காலம் வந்து செய்வதாகச் சொன்ன வேலையை நான் முடித்துவிட்டேன். இனி தினமும் வாசித்ததும் குதிரைகளைக் கழற்றி உன் டப்பாவில் போடுவேன், மறுநாள் புதிதாக வைப்பேன். இது சத்தியம். அந்தச் சண்டையை மட்டும் இனி எடுக்க மாட்டேன். ஆய்த்து பிடு.

கடைசியில் இறங்கியும் வந்த, ஏறியும் வந்த
உன் தங்கச்சி நிர்மலா