மூட்டைக்குள் அடித்த ட்ரங்க் கால்

இராயப்பேட்டை, சென்னை-14
21-3-1973, புதன்கிழமை

அன்பு மகள் ஜெயபாரதிக்கு, சித்தப்பா மாணிக்கவாசகம் ஆசிகளோடு எழுதுவது. இங்கே நானும் உன் சித்தி தேவானையும் சௌக்கியம், அதாவது உடம்பில் கை கால்கள் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கின்றன. அங்கே நீ சௌக்கியமா என்று கேட்கும் தைரியம் எனக்கு இல்லை, இருந்தாலும் கேட்கிறேன். உன் தந்தி திங்கட்கிழமை வந்து சேர்ந்தது. ஃபோன் எடுக்கப்படவில்லை, பதில் புரிந்தது, இனித் தொந்தரவு செய்ய மாட்டேன் என்று இருந்தது. அதைப் படித்துவிட்டு இந்த ஐம்பத்தாறு வயதுக் கிழவன் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். தந்தி கொண்டுவந்தவர் யாரோ காலமாகிவிட்டார்கள் என்று நினைத்துத் தலையைக் குனிந்து நின்றார். போன மாதக் கடிதத்தில் நீ எழுதியிருந்தது எழுத்துக்கு எழுத்து எனக்கு மனப்பாடம். ஞாயிறு காலை பத்து மணிக்கு ட்ரங்க் கால் போடுகிறேன், வங்கியில் என் பக்கத்து மேஜை வசந்தை நான் கட்டிக்கொள்வது உங்களுக்குச் சம்மதம் என்றால் எடுத்துப் பேசுங்கள், இல்லையென்றால் எடுக்காதீர்கள், வேண்டாம் என்ற சொல்லை உங்கள் வாயால் கேட்க என்னால் முடியாது என்று எழுதியிருந்தாய். மணி அடித்தது. நாங்கள் எடுக்கவில்லை. ஆனால் பாரதி, நாங்கள் எடுக்காததற்கும் உனக்கும் வசந்துக்கும் எள்ளளவும் சம்பந்தம் கிடையாது. அப்போது நம் வீட்டு ஃபோன் ஒரு மூட்டைக்குள் இருந்தது.

சம்மதம், ஃபோன் மூட்டை கட்டியிருந்தது, கடிதம் பின்னால் வருகிறது என்று அன்றே உனக்குத் தந்தி அடித்தேன். தந்தி ஆபீஸ் குமாஸ்தா சொற்களை இரண்டு தடவை எண்ணிவிட்டு, சார் இது ஏதாவது ரகசிய பாஷையா என்று கேட்டார். உன்னிடமிருந்து பதில் இல்லை. தபால் ஆபீசிலிருந்து உன் நாக்பூர் வங்கிக்கு ட்ரங்க் கால் போட்டேன், நீ ஒரு வாரம் லீவு என்றார்கள். என் தந்தி உன் கைக்கு வந்திருந்தாலும் நீ நம்பியிருக்க மாட்டாய் என்பது எனக்குத் தெரியும். கபாலி கோயில் குளத்தில் திமிங்கலம் வந்திருக்கிறது என்று சொல்லி உன்னை ஐந்தாம் வகுப்புக்கு மட்டம் போட வைத்தவன் நான். என் அண்ணன் போன பிறகு நாலு வயதுப் பிள்ளையாக இந்த வீட்டுக்கு வந்தாய், அன்றிலிருந்து உன்னைச் சிரிக்க வைக்கிறேன் பேர்வழி என்று ஓராயிரம் பொய் சொல்லியிருக்கிறேன், அதற்கெல்லாம் வட்டியும் முதலுமாக இப்போது அனுபவிக்கிறேன். அதனால் இந்த ஒரு கடிதத்தை மட்டும் திமிங்கலக் கணக்கில் சேர்க்காமல் படி.

ஏழு வருஷம் தவம் கிடந்து இந்த ஃபோனை வாங்கினோம், அந்தத் தவத்தை மலை உச்சியில் செய்திருந்தால் இந்நேரம் நேராக சொர்க்கத்துக்கே போயிருப்பேன். வந்த நாளிலிருந்து ஒரு வாய்ச் சோறு நிம்மதியாக உள்ளே போகவில்லை. நம் எண்ணுக்கும் பக்கத்துச் சினிமாக் கொட்டகை எண்ணுக்கும் கடைசி இலக்கம் ஒன்றுதான் வித்தியாசம். சென்னை நகரத்தின் இருபது லட்சம் பேரும் அந்த ஒரு இலக்கத்தைத்தான் தப்பாகச் சுற்றுகிறார்கள். மேட்னி உண்டா, பால்கனி டிக்கெட் கீதா, சண்டைப் படமா அழுகைப் படமா என்று கேட்கிறார்கள். அது போதாதென்று போன மாதம் ஒரு பெண் தேன் ஒழுகும் குரலில் கூப்பிட்டு உங்கள் எண்ணுக்கு ட்ரான்சிஸ்டர் ரேடியோ பரிசு விழுந்திருக்கிறது, தபால் செலவுக்கு இருபத்தைந்து ரூபாய் மணியார்டர் செய்தால் போதும் என்றாள். உன் சித்தி அசராமல், ரேடியோ எங்ககிட்ட இருக்கு, அதுக்குப் பதிலா தையல் மிஷின் குடுப்பீகளா, அப்படின்னா தபால் செலவ நீங்களே அதுல கழிச்சுக்கோங்கன்னு கேட்டாள். அந்தப் பெண் அன்றோடு பரிசு கொடுக்கும் தொழிலையே விட்டிருப்பாள்.

நானும் சும்மா இருக்கவில்லை, அதுதான் வினை. பொங்கல் கழிந்து ஒருநாள் மத்தியானம் ரசம் சாதத்தைப் பிசைந்து வைத்துவிட்டு ஏழாவது தடவையாக எழுந்து போய் எடுத்தேன். பால்கனி டிக்கெட் ரெண்டு கீதா என்றது ஒரு குரல். களைப்பு ஒரு பக்கம், கொழுப்பு ஒரு பக்கம். பால்கனி தீர்ந்துபோச்சு, வீட்டிலிருந்து நாற்காலி கொண்டுவந்தால் ஓரமாகப் போட்டு உட்கார வைப்போம், பாதிக் கட்டணம்தான் என்று கொட்டகை மேனேஜர் குரலில் சொல்லிவிட்டு வந்து மிச்ச ரசத்தைக் குடித்தேன். அந்த நிமிஷமே அதை மறந்தும் போனேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். உன் கடிதம் வந்த நாளிலிருந்து சித்தி அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் முதல் நாளே சரி என்றேன். அவள் ஒரே ஒரு தடவை, அந்தப் பையன் சோறு திம்பானா சப்பாத்தி மட்டுந்தானான்னு கேட்டாள், அவ்வளவுதான். அன்று காலை ஆறு மணிக்கே குளித்து, தலையை முடிந்து, ஃபோன் ஸ்டூலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். எடுத்து என்ன சொல்லப் போகிறாய் என்று கேட்டேன். ஃபோன் வரட்டும் என்றாள். அந்த முகத்திலிருந்து ஆமாம் என்றோ இல்லை என்றோ கண்டுபிடிக்க எனக்கு வழி தெரியவில்லை. ஒன்பதே கால் மணிக்கு மணி அடித்தது. எழுதிவைத்துப் படிப்பதைப் போன்ற சுத்தமான தமிழில் ஒருவர் பேசினார். எக்ஸ்சேஞ்சிலிருந்து பேசுகிறோம், உங்கள் தெருவின் லைனுக்குள் காற்றடித்துத் தூசியை வெளியேற்றுகிறோம், தூசி கருவியின் வழியாக வரும், வீடெல்லாம் கரியாகிவிடும், ஆகவே கருவியைத் துணியில் சுற்றி மூட்டையாகக் கட்டி வையுங்கள், பதினொரு மணி வரை மணி அடித்தாலும் எடுக்காதீர்கள், எடுத்தால் தெருவிலுள்ள எல்லா ஃபோனும் கெட்டுவிடும் என்றார். ஐயா, பத்து மணிக்கு நாக்பூரிலிருந்து ஒரு முக்கியமான கால் இருக்கிறது என்று கெஞ்சினேன். கவலையே வேண்டாம், வந்தால் பிடித்து வைத்துப் பதினொன்றுக்கு நாங்களே திருப்பித் தருகிறோம் என்றார். ஏழு வருஷம் கழித்து சர்க்கார் நம்மிடம் மரியாதையாகப் பேசுகிறதே என்று எனக்குப் புல்லரித்துவிட்டது.

இருபத்திரண்டு வருஷம் தி.நகர் ஜவுளிக்கடையில் பார்சல் கட்டுகிறவன் மூட்டை கட்டினால் எப்படிக் கட்டுவான்? முதலில் சித்தியின் பழைய சுங்குடிச் சேலை, அதன் மேல் கடைச் சாக்கு, அதன் மேல் தண்ணீரில் நனைத்த சணல், குறுக்கும் நெடுக்குமாக நாலு சுற்று, நாலு முடிச்சு. நான் போட்ட முடிச்சு இங்கிருந்து தூத்துக்குடி வரை லாரியில் உருண்டாலும் அவிழ்ந்தது கிடையாது, கடைக்காரர்கள் அரிவாளால்தான் வெட்டுவார்கள். கட்டி முடித்து, பெருமையாக அதைத் தட்டிக்கூடக் கொடுத்தேன்.

சரியாகப் பத்து மணி, நாலு நிமிஷம். மூட்டைக்குள் மணி அடித்தது. உள்ளூர் மணி விட்டு விட்டு அடிக்கும், ட்ரங்க் கால் மணி நீளமாக இழுத்து அடிக்கும், அது உனக்கும் தெரியும். நீதான் என்று இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது. சித்தியின் கை நீண்டது, நான் பிடித்துக்கொண்டேன். தேவானை, சர்க்கார் உத்தரவு, பதினொன்றுக்குத் திருப்பித் தருவார்கள் என்றேன். மணி நிற்கவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்தாள். நாம எடுக்காட்டி அவ வேண்டாம்னு நெனச்சுக்குவாளே, பதினோரு மணிக்கு யாரு கூப்புடுவா, விடுங்க கைய என்று ஒரு சத்தம் போட்டாள். முப்பது வருஷத்தில் அவள் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. என் கையை உதறிவிட்டு முடிச்சைப் பிடித்தாள். நகத்தால் முடியவில்லை. நான் அரிவாள்மனையை எடுக்க அடுக்களைக்கு ஓடினேன். திரும்பி வந்தபோது அவள் மூட்டையை மடியில் போட்டுக்கொண்டு சணலைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள். ஒரு முடிச்சு அறுந்தது. மிச்சத்தை நான் அறுத்தேன். சேலையைப் பிரிக்கும்போது மணி நின்றுவிட்டது. அவள் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தாள். அந்தப் பக்கம் வெறும் ரீங்காரம்தான் என்பது எனக்கே வெளியில் கேட்டது. அவள் அதனிடம், ஏளா பாரதி, கேக்குதா, சரின்னுதாம்ளா சொல்லுதேன், கேக்குதா உனக்கு, சரிளா என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

அந்த நேரம் பார்த்துக் கீழ்வீட்டு ஜைதூன் பீ தன் அண்ணனுக்கு ஃபோன் பண்ண மேலே வந்தார். சாக்கும் சேலையும் சணலும் கிடந்த கோலத்தைப் பார்த்து, என்ன பாய், ஃபோனுக்குக் காய்ச்சலா, இப்படிப் போத்தி வச்சிருக்கீங்க என்றார். நான் சர்க்கார் காற்றின் மகிமையை விளக்கினேன். அவர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, யா அல்லா, அது கம்பி பாய், குழாய் இல்லே, கம்பியில ஓட்டை ஏது காத்துப் போக என்றார். பாரதி, பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத அந்த அம்மாளுக்கு அரை நிமிஷத்தில் தெரிந்தது, எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்த எனக்கு முக்கால் மணி நேரமாகத் தெரியவில்லை.

பதினொன்றரைக்கு மறுபடி மணி. நீதான் என்று பாய்ந்து எடுத்தேன். இன்னா நைனா, மூட்டைய அவுத்தியா, கரி வந்துச்சா என்று ஒரே சிரிப்பு. அதே ஆள், இப்போது சுத்தத் தமிழைக் கழற்றி வைத்திருந்தான். ரெண்டு நாக்காலிய ரிக்சாவுல ஏத்திக்கினு, எம் பொஞ்சாதி பட்டுச் சேலை கட்டிக்கினு கொட்டாய் வாசல்ல போய் நின்னோம் நைனா, ஜனம் சுத்தி நின்னு சிரிச்சுது, மூணு நாளு அவ எங்கூடப் பேசல, நா எழுதி வச்சிருந்தது கொட்டாய் நம்பரே இல்லேன்னு அங்கதான் தெரிஞ்சுது, அந்த நம்பர மறக்காம வச்சிருந்தேன், இப்ப கணக்கு சரியாப் பூட்ச்சு என்றான். எனக்குக் கோபம் கூட வரவில்லை, அவ்வளவு அலுப்பு. தம்பி, நாக்பூர் கால் என்று சொன்னேனே, அது என் பெண்ணுடைய கல்யாண விஷயம், நாங்கள் எடுக்காததால் அது முறிந்துவிட்டது என்று மட்டும் சொன்னேன். மெய்யாலுமா சார், நா கடை யாவாரம்னு நெனச்சேன் சார் என்று சொல்லி வைத்துவிட்டான். சித்தியிடம் நாற்காலிக் கதையை ஒன்று விடாமல் ஒப்புக்கொண்டேன். அவள் திட்டவில்லை, திட்டியிருக்கலாம். ஸ்டூலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, இனிமே நீங்க இதத் தொடக் கூடாது என்றாள். அன்றிலிருந்து இந்த சாம்ராஜ்யத்தில் எனக்கு ஃபோன் எடுக்கும் அதிகாரம் இல்லை. அந்த ஆள் தினமும் சாயங்காலம் ஒரு தடவை கூப்பிட்டு, அம்மா, பொண்ணு பேசிச்சா என்று கேட்கிறான். சித்தி அவனுக்குத் திருநெல்வேலிச் சீமையின் வசவுகளைத் தவணை முறையில் வழங்குகிறாள். அவனும் முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் வைக்கிறான்.

மற்றபடி ஊரில் விசேஷமில்லை. பங்குனிக்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது, இங்கேயே இப்படி என்றால் நாக்பூரில் தார் ரோடு பாயசமாக ஓடும், குடை இல்லாமல் வெளியே போகாதே, மோர் குடி. லீவு போட்டுவிட்டு அறையில் படுத்து அழுதுகொண்டிருந்தால் எழுந்து முகத்தைக் கழுவு. வசந்திடம் எங்கள் சார்பில் மன்னிப்புக் கேள், மாமனார் வீட்டில் ஃபோனைச் சாக்கில் கட்டுவார்கள் என்று இப்போதே சொல்லி வை, பின்னால் ஏமாற்றிவிட்டோம் என்று சொல்லக் கூடாது.

இந்த ஞாயிற்றுக்குள் கடிதம் உன் கைக்கு வராமல் போகலாம். ஆகவே அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்குக் கால் போடு. அது ஏப்ரல் முதல் தேதி என்பது நாட்காட்டியைப் பார்த்ததும் எனக்கும் உறைத்தது, தலையில் அடித்துக்கொண்டேன். அதற்காகத்தான் என் வாய்ச்சொல்லை நம்பாதே என்று சொல்லி, உறைக்குள் ஒரு சணல் துண்டு வைத்திருக்கிறேன். அரிவாள்மனை அறுத்த முனை வெட்டினாற்போல இருக்கும். மற்ற முனை நார் நாராகப் பிய்ந்திருக்கிறது பார், அது உன் சித்தியின் பல். அதை நான் எடுத்து வைத்தது அவளுக்குத் தெரியாது. பத்திரமாக வைத்துக்கொள்.

நீயும் உனக்கு வாய்க்கப் போகிறவரும் எல்லா நலனும் பெற்று நீடூழி வாழ வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மறந்துவிடாதே, எடுப்பது அவள்தான். நீ கூப்பிடாவிட்டால் திங்கட்கிழமை கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் ஏறி நாக்பூருக்கே வந்துவிடுகிறேன் என்கிறாள், நேற்றே என்னைப் பெட்டி கட்டச் சொன்னாள். கட்டி வைத்திருக்கிறேன். முடிச்சு மட்டும் போடவில்லை.

இப்படிக்கு,
உன் அன்புச் சித்தப்பா,
சி. மாணிக்கவாசகம்